பிடித்துக்கொண்டு போகிற கனவு

(வானொலியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழமையாக இந்த நேரத்தில் நான் வந்தால் வரிப் படிவம், ஓய்வூதியச் சேமிப்பு, வீட்டுக்கடன் வட்டி என்று ஏதாவது கணக்கு வழக்குத்தான் கதைப்பேன். இன்றைக்கு அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு கனவைப் பற்றிப் பேசப் போகிறேன். ஏன் இந்தத் திடீர் மாற்றம் என்று சிலர் யோசிப்பீர்கள். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் நேயர் நேரத்தில் "கனவு பலிக்குமா?" என்று பொதுவாக ஒரு கேள்வியை வைத்திருந்தோம். பாம்பு துரத்துகிற கனவு, பல்லு விழுகிற கனவு, செத்துப்போன அப்பு வந்து சோறு கேட்கிற கனவு, இப்படித்தான் அழைப்புகள் வரும் என்று எதிர்பார்த்தோம். அவையும் வந்தன. ஆனால் மூன்று பேர், ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள், ஒரே கனவைச் சொன்னார்கள். ஆரோ வந்து பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

முதலாவது அறுபது வயது தாண்டிய ஒரு ஐயா. ஒழுங்கை முடக்கில் ஒரு வான் நிற்கும், கதவு இழுபடும் சத்தம் கேட்கும், அதோடு விழித்துவிடுவாராம். இரண்டாவது ஒரு தாய். அவவின் கனவில் பிடிபடுவது அவவில்லை, இங்கே பிறந்து பதினொராம் வகுப்புப் படிக்கிற மகன். பள்ளிக்கூட வாசலில் வைத்து ஏற்றிக்கொண்டு போகிறார்களாம். மூன்றாவது ஒரு பிள்ளை, இருபத்தைந்து வயது இருக்கும், ஸ்காபுறோவிலேயே பிறந்து வளர்ந்தவ. தான் ஒருநாளும் போய்ப் பார்க்காத ஒரு வீட்டில் தன்னைப் பூட்டி வைத்திருக்கிறார்களாம். பிடித்தவர்களுக்கு முகம் இல்லையாம்.

மூவரும் கேட்டது ஒன்றுதான்: "இதுக்கு என்ன அர்த்தம்?" அந்தத் தாய் இன்னொன்றும் கேட்டா: "ஏதும் நடக்கப் போகுதோ, தம்பி? இதை ஆரிட்டையும் சொல்லலாமோ?"

அன்றைக்கு நேரம் போதாமல் போய்விட்டது. நான் வணிகத்துறைப் பட்டதாரி, தொழிலால் கணக்காளன். வைத்தியனும் இல்லை, சாத்திரியும் இல்லை. ஆனபடியால் தேடி வாசித்தேன். வாசித்ததை எழுதி, எனக்குத் தெரிந்த ஒரு மனநல வைத்தியரிடம் காட்டித் திருத்திக்கொண்டு வந்திருக்கிறேன்.

அந்தத் தாய்க்குரிய பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், கடைசி மட்டும் காத்திருக்க வேண்டாம். அம்மா, அந்தக் கனவு வரப்போகிற எதையும் சொல்லவில்லை. உங்கள் மகனுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. அதை ஆரிடமும் சொல்லலாம். சொல்வதுதான் நல்லது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை இனிப் பார்ப்போம்.

நேயர்களே, கனவு வருங்காலத்தைச் சொல்லும் என்பது எங்களிடையே நெடுநாளைய நம்பிக்கை. சிலப்பதிகாரத்தில் கனாத்திறம் உரைத்த காதை என்றே ஒரு காதை இருக்கிறது. கோவலனுக்குத் தீங்கு வருவதாகக் கண்ணகி கனவு கண்டு, தோழி தேவந்தியிடம் சொல்கிறாள். தேவந்தி உடனே பரிகாரம் சொல்கிறாள்: இன்ன குளத்தில் முழுகு, இன்ன கோயிலைக் கும்பிடு என்று. கண்ணகி அது எனக்குப் பெருமையில்லை என்று மறுத்துவிடுகிறாள். காவியத்தில் கனவு பலித்துவிடும், அது கதையின் தேவை. ஆனால் கெட்ட கனவு கண்டவள் அதை மூடி வைக்காமல் சிநேகிதியிடம் வாய்விட்டுச் சொன்னாள் என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்றும் உண்டு. கடத்தப்பட்டவர் என்றவுடன் எங்களுக்கு ஞாபகம் வருவது சீதை. அசோகவனத்தில் திரிசடை சீதைக்கு ஒரு கனவைச் சொல்கிறாள். கம்பர் அங்கே ஒரு நுட்பமான விஷயத்தை வைத்திருக்கிறார். நீ நித்திரையே கொள்வதில்லை, அதனால் உனக்குக் கனவும் வருவதில்லை, ஆனபடியால் நான் கண்டதைக் கேள் என்று திரிசடை சொல்கிறாள். பிடிபட்டு இருக்கிறவளுக்கு நித்திரை இல்லை. பக்கத்தில் இருக்கிறவள் அவளுக்காகக் கனவு காண்கிறாள். எங்கள் குடும்பங்களில் நடப்பதும் ஏறத்தாழ இதுதான் என்று எனக்குப் படுகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று எங்கள் அம்மாமார் சொல்வார்கள். முதற் சாமத்தில் கண்டது பலிக்க ஒரு வருடம் செல்லும், விடியற் சாமத்தில் கண்டது சில நாளிலேயே பலிக்கும் என்று பழைய கனா நூல்களிலும் கணக்கு இருக்கிறது. இந்தக் கணக்கு எங்கேயிருந்து வந்திருக்கும் என்று யோசித்தேன். நித்திரை ஆராய்ச்சி இதற்கு ஒரு விளக்கம் தருகிறது.

1953இல் அமெரிக்காவில் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளைற்மன் என்ற இருவர், நித்திரையில் சில நேரங்களில் மூடிய இமைக்குள் கண் வேகமாக அசைவதைக் கண்டறிந்து எழுதினார்கள். அந்த நேரத்தில் எழுப்பினால் பெரும்பாலானவர்கள் தெளிவான ஒரு கனவைச் சொல்வார்கள். ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை இந்தக் கட்டம் வரும். ஒரு இரவில் நாலைந்து தடவை. முன்னிரவில் சில நிமிடங்கள்தான் இருக்கும். விடியப் போக அது நீண்டு கொண்டே போகும். ஆகவே விடியற்காலைக் கனவுதான் மிக நீளமானது, மிகத் தெளிவானது. விழிப்புக்குக் கிட்ட இருப்பதால் ஞாபகத்திலும் நிற்கிறது. அம்மாமார் கண்டுபிடித்தது சரியான விஷயத்தைத்தான், அதற்குக் கொடுத்த காரணம்தான் வேறு.

சரி, பிடித்துக்கொண்டு போகிற கனவுக்கு வருவோம். கனவுக்குப் பலன் சொல்கிற ஆங்கிலப் புத்தகங்களைப் புரட்டினால், கடத்தப்படுவதாகக் கனவு கண்டால் உங்கள் வாழ்க்கை உங்கள் கையில் இல்லை என்று நினைக்கிறீர்கள், வேலையிலோ கலியாணத்திலோ யாரோ உங்களைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள், என்று எழுதியிருப்பார்கள். ஒருநாளும் கதவில் சப்பாத்துக்காலால் உதை விழாத வீட்டில் வளர்ந்தவருக்கு அது பொருந்தக்கூடும். அவருக்குக் கடத்தல் ஒரு உவமை.

எங்களுக்கு அது உவமை இல்லை, நேயர்களே. எங்களுக்கு அது நடந்த சங்கதி.

1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு பெடியன் ஒருவன் வீட்டை விட்டு வெளிக்கிட்டால் திரும்பி வருவான் என்ற நிச்சயம் போய்விட்டது. சுற்றிவளைப்பில் ஊரையே வரிசையில் விட்டார்கள். முகத்தை மூடிய தலையாட்டி ஒருவர் ஜீப்புக்குள் இருந்து தலையை ஆட்டினால் ஒருவரின் தலைவிதி அதோடு முடிந்தது. 1996இல் யாழ்ப்பாணத்தில் சோதனைச் சாவடிகளில் மறிக்கப்பட்ட பலர் பிறகு வீடு வரவில்லை. 2006 தொடக்கம் கொழும்பிலும் வடக்குக் கிழக்கிலும் இலக்கத் தகடு இல்லாத வெள்ளை வான். 2009 மே மாதம் வட்டுவாகலில் சொந்தக்காரர் பார்த்திருக்கக் கையளிக்கப்பட்டு பஸ்ஸில் ஏற்றப்பட்டவர்கள். தெற்கிலும் 1987 தொடக்கம் 1989, 1990 வரை நடந்த கிளர்ச்சிக் காலத்தில் ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞர்கள் இதே மாதிரித்தான் காணாமல் போனார்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் இந்த உரை நேர்மையாக இராது. எல்லா வானிலும் வந்தவர்கள் சிங்களம் பேசியவர்கள் இல்லை. 1989இலும், வன்னியில் போரின் கடைசிக் கட்டத்திலும், எங்கள் பிள்ளைகளை எங்கள் மொழி பேசியவர்களே வந்து கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போன வீடுகள் உண்டு. பிள்ளையை ஒளிக்க வீட்டுக்குள் கிடங்கு வெட்டிய தாய்மார் இதை வாசிக்கிறவர்களிலும் இருப்பார்கள். கனவில் வந்தவர் என்ன மொழி பேசினார் என்று சொல்ல எங்களில் பலர் இன்றைக்கும் தயங்குகிறோம். அந்தத் தயக்கமும் கனவு ஓயாமல் இருப்பதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். முழுதாகச் சொல்ல முடியாத கதை திரும்பத் திரும்ப இரவில் வருகிறது.

இப்படியான கனவை விளங்கிக்கொள்ள மேல்நாட்டு அறிஞர்களும் கஷ்டப்பட்டார்கள். சிக்மண்ட் புரொய்ட் 1900ஆம் ஆண்டு எழுதிய நூலில் கனவு என்பது நிறைவேறாத ஆசையின் வடிவம் என்றார். பிறகு முதலாம் உலக யுத்தம் வந்தது. யுத்த முனையில் அடிபட்டவர்கள் ஒவ்வொரு இரவும் அதே பயங்கரத்துக்குத் திரும்பிப் போவதைப் பார்த்தார். இதில் என்ன ஆசை இருக்க முடியும்? 1920இல் எழுதிய இன்னொரு நூலில், இந்தக் கனவுகள் தன் பழைய விதிக்குள் அடங்கவில்லை என்று அவரே எழுதினார்.

1980இல் அமெரிக்க உளமருத்துவர்கள் இதை ஒரு வருத்தமாகவே பட்டியலில் சேர்த்தார்கள். நெருக்கீட்டுக்குப் பின்னான மனவடு நோய் என்று தமிழில் சொல்கிறோம். திரும்பத் திரும்ப வருகிற கொடுங்கனவு அதன் முக்கிய அறிகுறிகளில் ஒன்று. எங்கள் மண்ணில் இதைப் பற்றிப் பல வருடங்கள் ஆராய்ந்தவர் யாழ்ப்பாணத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம். போர் எங்கள் மனங்களில் விட்ட வடுக்களைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1998இல் வெளிவந்தது. தனி ஆளை மட்டும் பார்த்தால் போதாது, குடும்பமும் ஊரும் சேர்ந்து காயப்பட்டிருக்கின்றன என்பது அவர் திரும்பத் திரும்பச் சொல்லி வந்த கருத்து.

மூளை ஏன் இப்படிச் செய்கிறது? பின்லாந்து அறிஞர் அன்ரி ரெவோன்சுவோ 2000ஆம் ஆண்டில் ஒரு விளக்கம் சொன்னார். கனவு என்பது ஆபத்துக்கான ஒத்திகை. எதிரி வந்தால் எப்படி ஓடுவது, எங்கே ஒளிப்பது என்று மூளை இரவில் பயிற்சி எடுக்கிறது என்பது அவர் கருத்து. அவருடைய குழுவினர் வட ஈராக்கில் போருக்குள் வாழ்ந்த குர்திஷ் பிள்ளைகளின் கனவுகளையும், அமைதியான பின்லாந்துப் பிள்ளைகளின் கனவுகளையும் ஒப்பிட்டு 2005இல் எழுதினார்கள். போரைக் கண்ட பிள்ளைகள் கூடுதலாகக் கனவு கண்டார்கள், அவற்றில் ஆபத்தும் கூடுதலாக இருந்தது. இந்த விளக்கத்தை எல்லா ஆராய்ச்சியாளரும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் முதலாவதாகக் கூப்பிட்ட ஐயாவுக்கு இது ஒன்றை விளக்கும். ஐயா, உங்கள் மூளை பழுதாகவில்லை. ஊரில் உங்களைக் காப்பாற்றிய காவலாளி அது. யுத்தம் முடிந்தது, நீங்கள் கனடாவுக்கு வந்து சேர்ந்தது, இதையெல்லாம் இன்னும் அதற்கு ஆரும் சரியாக அறிவிக்கவில்லை. அவ்வளவுதான்.

இந்த விஷயத்தைத் தேடும்போது கையில் கிடைத்த ஒரு புத்தகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சார்லொற் பெராட் என்ற யூதப் பெண் எழுத்தாளர் 1933 தொடக்கம், ஹிட்லரின் ஆட்சிக்குள் பேர்லினில் இருந்துகொண்டே, தனக்குத் தெரிந்தவர்களின் கனவுகளை இரகசியமாகச் சேகரித்தார். 1939இல் நாட்டை விட்டு வெளியேறி, 1966இல் அவற்றைப் புத்தகமாக வெளியிட்டார். தையற்காரி, வைத்தியர், வியாபாரி என்று பலரும் ஒரே மாதிரிக் கனவு கண்டிருந்தார்கள். குறிப்புகள் பிடிபட்டாலும் விளங்காமல் இருக்க அவர் சங்கேதச் சொற்களில் எழுதினாராம். கட்சி என்பதற்குக் குடும்பம். கைது என்பதற்குத் தடிமன் காய்ச்சல்.

இதை வாசித்தபோது எனக்கு ஊரிலிருந்து வந்த தொலைபேசி அழைப்புகள் ஞாபகம் வந்தன. "சின்னவனுக்குச் சுகமில்லை, ஆஸ்பத்திரியிலை வைச்சிருக்கினம்" என்றால் எங்களுக்கு விளங்கிவிடும். பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைக்கு விளங்காது என்று நாங்கள் நினைத்தோம். பிள்ளைக்குச் சொல் விளங்கியிராது. அம்மாவின் முகம் விளங்கியிருக்கும்.

மூன்றாவதாகக் கூப்பிட்ட பிள்ளையின் கனவுக்கு இங்கேதான் விடை இருக்கிறது. இங்கே பிறந்த பிள்ளைகள் ஒன்றையும் காணவில்லை, அவர்களுக்கு ஒன்றும் இல்லை என்று நாங்கள் இருந்துவிட்டோம். ஆனால் பொலிஸ் கார் வீட்டுப் பக்கம் மெதுவாக வந்தால் அப்பா ஜன்னல் திரையை இழுப்பதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். மகள் பள்ளிக்கூடம் விட்டு இருபது நிமிடம் பிந்தினால் அம்மா பதினேழு தடவை தொலைபேசி எடுப்பதைப் பார்த்திருக்கிறார்கள். சுவரில் மாலை போடாமலும், கழற்றாமலும் இருக்கிற மாமாவின் படத்தைப் பார்த்திருக்கிறார்கள். கேட்டால் "அது பெரிய கதை, இப்ப வேண்டாம்" என்ற பதில். சொல்லாமல் விட்ட இடத்தைப் பிள்ளை தன் கற்பனையால் நிரப்புகிறது. அதனால்தான் கனவில் காணாத வீடு, முகமில்லாத ஆட்கள். சீதைக்காகத் திரிசடை கனவு கண்டமாதிரி, நாங்கள் நித்திரை கொள்ளாத இரவுகளின் கனவை எங்கள் பிள்ளைகள் காண்கிறார்கள்.

அதற்காக ஆறு வயதுப் பிள்ளையிடம் சித்திரவதைக் கதை சொல்லச் சொல்லி நான் கேட்கவில்லை. வயதுக்கு ஏற்ற உண்மை போதும். "மாமாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கே என்று தெரியாது. அம்மாவுக்கு அது பெரிய கவலை. அது நடந்தது அங்கே. இங்கே உன்னை ஆரும் அப்படிக் கொண்டு போக மாட்டார்கள்." நாலைந்து வசனம். முகமில்லாத பயத்துக்கு ஒரு பேரும் ஊரும் கிடைத்தால் அதன் பலம் பாதி போய்விடும்.

இனி, இதில் மிகவும் கவனமாகப் பேச வேண்டிய ஒரு பகுதி. காணாமல் போனவர்களின் வீடுகள்.

மகனைக் கொண்டு போகிற காட்சியைக் கனவில் காணும் தாய்க்கு, "அது வெறும் கனவு, மறந்து போட்டுப் படுங்கோ" என்று சொல்வது ஆறுதல் ஆகாது. அந்தத் தாய்க்கு மகனைக் காண்பதற்கு இருக்கிற ஒரே இடம் அந்தக் கனவாக இருக்கலாம். பொலின் பொஸ் என்ற அமெரிக்க அம்மையார் 1970களில், வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களோடு வேலை செய்தவர். உடலும் இல்லை, செய்தியும் இல்லை, ஆனபடியால் செத்தவீடும் செய்ய முடியாது என்ற நிலைக்கு அவர் ஒரு பெயர் வைத்தார். தெளிவற்ற இழப்பு என்று தமிழில் சொல்லலாம். இந்தக் குடும்பங்கள் அழுது முடித்து ஆறாமல் இருப்பது அவர்களின் பலவீனம் இல்லை, நிலைமைதான் அப்படி என்பது அவர் சொன்ன முக்கியமான செய்தி.

கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் தாய்மார் தெருவோரத்தில் குந்தினார்கள். மழை வெயில் பாராமல் வருடக் கணக்காக அந்தப் போராட்டம் நீண்டது. பிள்ளையைக் காணாமலே கண்ணை மூடிய தாய்மாரும் தகப்பன்மாரும் அவர்களில் பலர். காணாமல் போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் நிறைவேறியது, அலுவலகம் 2018இல் இயங்கத் தொடங்கியது. அந்தத் தாய்மார் கேட்ட பதில் கிடைக்கவில்லை. பகலில் பதில் இல்லாத கேள்வி இரவில் கனவாக வருகிறது. இப்படியான வீட்டில் ஒருவர் கனவைச் சொன்னால், பலன் சொல்லவும் வேண்டாம், கனவுதானே என்று தள்ளவும் வேண்டாம். "என்ன உடுப்புப் போட்டிருந்தவர்? ஏதும் கதைச்சவரோ?" என்று கேளுங்கள். கேட்டுக்கொண்டு பக்கத்தில் இருங்கள்.

இந்த இடத்தில்தான் சிலர் காசு பார்க்கிறார்கள். "உங்கடை மகன் தென் திசையிலை உயிரோடை இருக்கிறார், ஒரு பூசை செய்தால் கனவிலை இடத்தைச் சொல்லுவார்" என்று சொல்லி ஆயிரக்கணக்கில் வாங்கிய கதைகள் என் காதுக்கு வந்திருக்கின்றன. கோயிலுக்குப் போங்கள், மகன் பேரில் அர்ச்சனை செய்யுங்கள், மெழுகுதிரி கொளுத்துங்கள். அவை மனத்துக்குத் தெம்பு தரும். ஆனால் கனவுக்கு விலைச்சீட்டு எழுதித் தருகிறவரிடம் போகாதீர்கள்.

சரி, இரவிரவாகக் கனவால் அவதிப்படுகிறவர்கள் என்ன செய்யலாம்? முதலில் உடம்பைப் பாருங்கள். பிரசருக்குக் கொடுக்கிற சில குளிசைகள், உதாரணமாக மெற்றோபுறோலோல், புறோப்பிறனலோல், சிலருக்குக் கொடுங்கனவைக் கொண்டுவரும். நீரிழிவுக்கு ஊசி போடுகிறவர்களுக்கு இரவில் சீனி மட்டம் கீழே போனால் வியர்த்துக் கொட்டி, பயங்கரக் கனவோடு விழிப்பு வரலாம். பெரிதாகக் குறட்டை விட்டு, மூச்சு நின்று நின்று வருகிறவர்களும் பரிசோதிக்க வேண்டும். நித்திரை வரட்டும் என்று குடிக்கிறவர்களுக்கு முன்னிரவு அடங்கியிருக்கும், பின்னிரவில் கனவு இரட்டிப்பாக வரும். குளிசையை நீங்களாக நிற்பாட்ட வேண்டாம், குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கள்.

விழிப்பு வந்தும் கை கால் அசைக்க முடியாமல், நெஞ்சில் ஆரோ ஏறி இருப்பதுபோல் இருந்தால், ஊரில் பேய் அமுக்கினது என்பார்கள். கனவு நேரத்தில் உடம்பு துள்ளாமல் இருக்க மூளை தசைகளைப் பூட்டி வைக்கும். அந்தப் பூட்டுத் திறக்க முன்னர் கண் திறந்துவிட்டது, அவ்வளவுதான். சில நொடி, மிஞ்சினால் ஓரிரு நிமிடத்தில் போய்விடும். மாறாக, வயதானவர் ஒருவர் கனவிலேயே எழும்பி அடிக்கிறார், உதைக்கிறார், கட்டிலால் விழுகிறார் என்றால், பழைய பயம்தானே என்று விடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். அது சிலருக்கு பார்க்கின்சன் போன்ற நரம்பு வருத்தத்தின் முன்னறிகுறியாக இருக்கக்கூடும்.

கொடுங்கனவுக்கென்றே ஒரு சிகிச்சை முறை உண்டு என்பது எங்கள் ஆட்களில் பலருக்குத் தெரியாது. அதற்குக் கனவின் அர்த்தம் தேவையில்லை. கனவை எழுதுகிறீர்கள். அதில் ஏதாவது ஒரு இடத்தை உங்களுக்குப் பிடித்தமாதிரி மாற்றி எழுதுகிறீர்கள். மாற்றிய கதையை மட்டும், பகலில், முழு விழிப்போடு, தினமும் பத்து இருபது நிமிடம் மனத்தில் ஓட்டிப் பார்க்கிறீர்கள். அமெரிக்காவில் பாலியல் வன்முறைக்கு உள்ளான 168 பெண்களை வைத்து பரி கிறாக்கோ என்ற வைத்தியரும் குழுவினரும் செய்த ஆய்வு 2001இல் வெளிவந்தது. இந்தப் பயிற்சி பெற்றவர்களுக்குக் கொடுங்கனவு நன்றாகக் குறைந்தது, நித்திரையும் திருந்தியது. அமெரிக்க நித்திரை மருத்துவக் கழகம் 2018இலும் இந்த முறையைப் பரிந்துரைத்திருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒருவர், பஸ் ஓட்டுகிறவர், இதைச் செய்து பார்த்தவர். அவர் அனுமதியோடு சொல்கிறேன். அவருடைய கனவிலும் ஒழுங்கை முடக்கில் வான்தான். எப்படி மாற்றலாம் என்று சிகிச்சையாளர் கேட்டிருக்கிறா. அவர் யோசித்துவிட்டு, அது ஐஸ்கிறீம் வானாக இருக்கட்டும் என்றாராம். கதவு இழுபடும், உள்ளே இருந்து பாட்டுக் கேட்கும், ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாம் சில்லறையோடு ஓடி வருவார்கள். முதல் கிழமை தனக்கே சிரிப்பாக இருந்ததாம். இரண்டு மாதத்துக்குள் கிழமையில் நாலு நாள் வந்த கனவு மாதத்தில் ஒருநாள் என்று வந்துவிட்டது. வான் இன்னமும் வருகிறதாம், ஆனால் இப்போது தான் ஓடாமல் நின்று பார்ப்பதாகச் சொல்கிறார்.

ஒரு எச்சரிக்கை. வீட்டில் தனியே தொடங்குவதென்றால் மிகச் சின்னக் கனவில் தொடங்குங்கள். உண்மையாகவே பிடிபட்டு அடிபட்டவர்கள் இதைப் பயிற்சி பெற்ற ஒருவரின் துணையோடுதான் செய்ய வேண்டும். இது எல்லோருக்கும் சரிவரும் என்றும் இல்லை. வேறு சிகிச்சைகளும் மருந்துகளும் உண்டு, அதை வைத்தியர் தீர்மானிப்பார்.

கணக்காளனாக இருந்துகொண்டு செலவைச் சொல்லாமல் விடலாமா? ஒன்ராறியோவில் குடும்ப வைத்தியரும், அவர் அனுப்புகிற உளமருத்துவரும் மாகாண மருத்துவக் காப்புறுதிக்குள் அடங்குவார்கள். தனியார் உளவியலாளர், உளச்சிகிச்சையாளர் என்றால் காசு கட்ட வேண்டும். அதற்கு முதலில் உங்கள் வேலைத்தலக் காப்புறுதிப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். பல இடங்களில் வருடத்துக்கு ஒரு தொகை இருக்கும், எங்கள் ஆட்கள் அதைத் தொடுவதே இல்லை. உளச்சிகிச்சைக் கட்டணத்துக்கு விற்பனை வரி 2024 ஜூன் 20 தொடக்கம் இல்லை. பதிவுபெற்றவரிடம் கட்டிய காசுக்குப் பற்றுச்சீட்டு வாங்கி வையுங்கள். வரிப் படிவத்தில் மருத்துவச் செலவுக்கான 33099ஆம் வரியில், விதிக்கப்பட்ட அளவுக்கு மேற்பட்ட தொகைக்குச் சலுகை உண்டு. சாத்திரியார் எத்தனை பற்றுச்சீட்டுத் தந்தாலும் அந்த வரியில் போட முடியாது!

வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் ஒரு இரவும் காத்திருக்க வேண்டாம். கனடாவில் எங்கிருந்தும் 988 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் கூப்பிடலாம். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் கதைப்பார்கள். அம்மா அப்பாவுக்கு மொழி கஷ்டம் என்றால் பிள்ளைகள் பக்கத்தில் இருந்து கூப்பிடுங்கள்.

நேயர்களே, கெட்ட கனவைச் சொன்னால் பலித்துவிடும் என்று சொல்லி எங்களை வளர்த்தார்கள். ஊரில் அது புத்திசாலித்தனமாகக்கூட இருந்திருக்கும். அங்கே வாயைத் திறந்தால் ஆபத்து, பக்கத்து வீட்டுக்காரரையும் நம்ப முடியாத காலம் அது. அந்தப் பழக்கத்தை நாங்கள் பெட்டியோடு பெட்டியாக விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டோம். இங்கே அதற்கு வேலை இல்லை. பிடித்துக்கொண்டு போனவர்கள் எங்களிடமிருந்து ஆட்களை மட்டும் எடுக்கவில்லை, ஒருவரோடு ஒருவர் மனந்திறந்து கதைக்கிற பழக்கத்தையும் எடுத்துக்கொண்டு போனார்கள். ஆட்களைத் திருப்பித் தருவது எங்கள் கையில் இல்லை. கதையை மீட்பது எங்கள் கையில் இருக்கிறது.

நாளைக் காலை தேத்தண்ணி குடிக்கும்போது வீட்டில் இருக்கிறவரிடம் "இரவு நித்திரை கொண்டனீங்களோ?" என்று கேளுங்கள். பதிலுக்கு ஒரு கனவு வந்தால், தேத்தண்ணி ஆறினாலும் பரவாயில்லை, முழுவதையும் கேளுங்கள்.

அடுத்த மாதம் வழமைபோலக் கணக்கு வழக்கோடு சந்திப்போம். எல்லோருக்கும் நல்ல நித்திரை வாய்க்கட்டும்.